மூளை என்ன மண்மேடா?

அரியாங்குப்பத்தை அடுத்த அரிக்கமேட்டுக்குப் போயிருக்கிறீர்களா? 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது ரோமானிய மட்கல ஓடுகள் கிடைத்தன. ஈராயிரம் ஆண்டு புதைந்தும் ஓடு ஓடாகவே இருந்தது. மூளையிலும் நினைவு இப்படித்தான் கிடக்கிறது, கருவியால் தோண்டி எடுத்துவிடலாம் என்று நம்புவோர் உண்டு. 2008-இல் புனே செஷன்ஸ் நீதிமன்றம் ஒரு கொலை வழக்கில் மூளை மின்னலைச் சோதனையையும் சான்றுகளுள் ஒன்றாக ஏற்றுத் தண்டனை விதித்தது. இந்தப் போக்குக்கு அணை போட்டது, செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் 2010 மே 5 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. நல்ல தீர்ப்புதான், ஆனால் ஓரிடத்தில் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் சோதனையைப் பார்ப்போம். தலைத்தோலில் மின்வாய்களைப் பொருத்தி அளந்தால் சில பத்து மைக்ரோவோல்ட்டுகளே தேறும். டார்ச் விளக்குச் செல்லின் அழுத்தத்தில் இது பல்லாயிரத்தில் ஒரு பங்கு. அறிந்த பொருளைக் கண்டால், ஏறத்தாழ 300 மில்லி செகண்டு கழித்து அலையில் ஒரு சிறு மேடு எழும். 'பி-300' என்பது அதுவே. மற்ற அலைகளின் இரைச்சலில் அது மறைந்துபோவதால், பல முறை காட்டிச் சராசரி எடுத்தாக வேண்டும். கொலைக் கத்தியைக் கொலையாளி அறிவான். செய்தித்தாளில் அதன் படத்தைப் பார்த்தவனும் அறிவான்! மேடு இருவருக்குமே எழலாம். இக்குறையை நீதிபதிகளும் கவனித்திருக்கிறார்கள்.

கட்டாயச் சோதனை அரசியல் சட்டத்தின் 20(3), 21 ஆகிய பிரிவுகளுக்கு முரண் என்றார்கள். ஆனால் விரும்பி உட்படுவோருக்குச் சோதனை செய்யலாமாம்! முடிவு தானாகச் சான்றாகாது. அதன்வழி பின்னர் கண்டெடுக்கும் பொருள் சான்றாகலாம். காவலில் இருப்பவரின் விருப்பம் எத்தகையது? மாஜிஸ்திரேட் முன் சம்மதம் பதிவாகும், வக்கீலும் கிடைப்பார் என்பது உண்மையே. அந்த வக்கீலுக்குச் சராசரி எடுத்த விதத்தைக் குறுக்கு விசாரணை செய்யத் தெரிய வேண்டாமா? எத்தனை முறை காட்டினீர்கள், எந்தப் பதிவுகளைத் தள்ளினீர்கள், ஏன்? பி.எஸ்ஸி. முடித்துச் சட்டம் படிக்கப் போகும் மாணவர்களே, இது உங்களுக்குரிய வேலை.

வேலை காவல் நிலையத்தோடு முடியாது. மூளை அலையைப் பதிக்கும் தலைப்பட்டைகள் இன்று கடைச்சரக்கு. சிலி நாட்டின் உச்ச நீதிமன்றம் 2023-இல், முன்னாள் செனட்டர் கீடோ கிரார்டியின் மூளைப் பதிவுகளை அழிக்குமாறு அத்தகைய கருவி விற்ற எமோட்டிவ் நிறுவனத்துக்கு ஆணையிட்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று நம் உச்ச நீதிமன்றம் 2017-இல் அறிவித்தது. ஆனால் 2023-இல் நாம் இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் மூளைப் பதிவுக்கெனத் தனிப் பிரிவு கிடையாது. கைப்பேசி எண்ணும் மூளை அலையும் அங்கே ஒரே தட்டில்தான்.