விலைச் சுழற்சியைக் கணித்தவர்களும் அவர்களின் கணக்கும்

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. சென்னையில் ரேஷன் கடைகளில் அரசே கிலோ 60 ரூபாய்க்கு விற்றது. செப்டம்பரில் விலை தலைகுப்புற விழுந்தது. இடையில் நடந்தது என்னவென்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, ராயக்கோட்டைப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: விலை ஏறுவதைப் பார்த்து எல்லோரும் நட்டார்கள், எல்லாம் ஒரே சமயத்தில் மண்டிக்கு வந்து சேர்ந்தது. கிராமத்துக் கண் கண்டுபிடித்த இந்தக் காரணத்தைக் கணிதமாக எழுதிக் காட்ட உலகத்துக்கு வெகுகாலம் பிடித்தது. அதற்கு முன்னும் பின்னும் பல சிந்தனைப் பள்ளிகள் தோன்றின.

மிகப் பழையது வானத்தைப் பார்த்த பள்ளி. 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதையில் பண்டங்களின் விலையேற்ற இறக்கத்துக்கென்றே ஒரு பகுதி உண்டு. நம் பஞ்சாங்கங்களில் இன்றும் விலைக்குரிய அர்க்காதிபதி பலன் அச்சாகிறது. தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசும் இந்த எல்லைப் பகுதியில் யுகாதியன்று பஞ்சாங்கம் வாசித்து, மழையையும் விளைச்சலையும் விலையையும் ஒரே மூச்சில் கேட்கும் வழக்கம் உண்டு. 1870களில் இங்கிலாந்துப் பொருளியலாளர் ஜெவன்ஸ் தேடியதும் இதே திசையில்தான். சூரியப் புள்ளிகள் பெருகிக் குறைய, அதனால் விளைச்சல் மாற, அதனால் வணிகம் தடுமாறுகிறது என்றார். அவர் கணக்கு பொய்த்தது. ஆனாலும் காரணம் என்ன என்று கேட்டாரே, அதற்காக அவரை நான் மதிக்கிறேன்.

அடுத்தது கோடு கிழிக்கும் பள்ளி. இதில் பெரும் புகழ் பெற்றவர் 1878இல் டெக்சாஸில் பிறந்த சந்தைக் கணிப்பாளர் கான். விலை வரைபடத்தில் ஒரு தாழ்முனையிலிருந்து 45 பாகைக் கோடு இழுத்து, விலை அதற்கு மேலே இருந்தால் பலம், கீழே இறங்கினால் பலவீனம் என்றார். இதைக் கையால் வரைந்து பார்த்தால்தான் விஷயம் புரியும். கட்டத்தாளில் ஒரு நாளுக்கு ஒரு கட்டம், ஒரு ரூபாய்க்கு ஒரு கட்டம் என்று வைத்தால், நாளொன்றுக்கு ஒரு ரூபாய் ஏறும் தக்காளி 45 பாகையில் ஏறும். ஐந்து ரூபாய்க்கு ஒரு கட்டம் என்று மாற்றினால் அதே தக்காளி ஏறத்தாழ 11 பாகையில் படுத்துவிடும். சந்தையில் எதுவும் மாறவில்லை, தாளில் அளவுகோல்தான் மாறியது. கானும் இதை அறிந்தே அலகைச் சரியாக வைக்க வேண்டும் என்றார். எந்த அலகு சரி என்பதைச் சந்தை சொல்வதில்லை; வரைகிறவர்தான் முடிவு செய்கிறார்.

இதே பள்ளியைச் சேர்ந்த எலியட் 1938இல் வெளியிட்ட அலைக் கொள்கை இன்னும் அழகானது. ஏற்றத்தில் ஐந்து அலை, இறக்கத்தில் மூன்று, அலைகளின் அளவுகளில் ஃபிபோனாச்சி விகிதங்கள். அந்த எண் வரிசையை ஃபிபோனாச்சிக்கு முன்பே நம் நாட்டில் யாப்பிலக்கணம் எழுதிய விரகாங்கரும் ஹேமசந்திரரும் அறிந்திருந்தார்கள். அலை எங்கே முடிந்தது என்பது முடிந்த பிறகுதான் தெளிவாகிறது. அதற்குள் எண்ணுகிற இருவர் இரண்டு எண்ணிக்கை சொல்வார்கள்.

இந்தப் பள்ளிகளுக்கெல்லாம் பெரிய சோதனை, எலியட் எழுதும் முன்பே, 1927இல் வந்தது. ரஷ்யக் கணிதவியலாளர் ஸ்லூட்ஸ்கி அரசு லாட்டரிக் குலுக்கலில் விழுந்த எண்களை எடுத்து, பத்துப் பத்தாக நகர்த்திக் கூட்டி, கோடாக வரைந்தார். வந்த கோடு 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து வணிகச் சுழற்சியின் வரைபடத்தோடு வியக்கும்படி ஒத்துப்போனது. எந்த ஒழுங்கும் இல்லாத எண்களில் மலையும் பள்ளமும் மாறி மாறி வந்தன. வரைபடத்தில் சுழற்சி தெரிகிறது என்பது மட்டுமே சான்றாகாது என்று அன்றே நிலைநாட்டப்பட்டுவிட்டது. கைபேசியில் நிஃப்டி வரைபடம் பார்த்து ஆப்ஷன் வாங்கும் ஓசூர்த் தொழிற்பேட்டை இளைஞர்கள் இதை அறிந்திருக்க வேண்டும் என்று உளமார விரும்புகிறேன். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பங்கு முன்பேர வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் பணம் இழந்தார்கள் என்பது பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி வெளியிட்ட ஆய்வு முடிவு.

அப்படியானால் வடிவியலுக்கு விலையில் இடமே இல்லையா? இருக்கிறது. ஜெர்மனியில் 1928இல் பொருளியலாளர் ஹனாவ் பன்றி விலையை ஆராய்ந்தார். 1938இல் அமெரிக்கப் பொருளியலாளர் எசகீல் அந்த வகைச் சுழற்சியைச் சிலந்தி வலைத் தேற்றமாக விரித்து எழுதினார். இந்த வருட விலையைப் பார்த்து விவசாயி நடுகிறார், விளைந்து வரும்போது விலை வேறாகிறது. நாற்று நட்டதிலிருந்து முதல் பறிப்புக்குத் தக்காளி இரண்டு மாதத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. அந்த இடைவெளிதான் சுழற்சியை உண்டாக்குகிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். நடுவிலை 20 ரூபாய் என்று வையுங்கள். அதற்கு மேலே போன ஒவ்வொரு ரூபாய்க்கும் அடுத்த பருவத்தில் விலை நடுவிலைக்கு 80 பைசா கீழே இறங்கி, கீழே போனால் அதே கணக்கில் மேலே ஏறினால், 30, 12, 26.40, 14.88 என்று அலைச்சல் அடங்கும். 80 பைசாவுக்குப் பதில் 1.20 ரூபாய் என்றால் 30, 8, 34.40, 2.72. அலைச்சல் பெருகிக்கொண்டே போகும். வரைபடத்தில் வரத்துக் கோடு, தேவைக் கோடு இரண்டின் சாய்வில் எது அதிகச் செங்குத்து என்பதைப் பொறுத்தே அடங்குவதா, பெருகுவதா என்பது தீர்மானமாகிறது. இங்கே சாய்வு தாளின் அளவுகோலைப் பொறுத்ததல்ல. வரத்து கூடினால் விலை எவ்வளவு குறையும், விலை கூடினால் எத்தனை ஏக்கர் கூடும் என்ற இரண்டு விகிதங்களைப் பொறுத்தது. அவற்றை அளக்க முடியும்.

இந்தத் தேற்றத்துக்கும் 1961இல் பொருளியலாளர் ஜான் முத் மறுப்பு எழுதினார்: விவசாயி ஒவ்வொரு முறையும் அதே ஏமாற்றத்தில் விழமாட்டார், சுழற்சியைக் கற்றுக்கொள்வார் என்று. எல்லோரும் பிடுங்கிப் போட்ட நேரத்தில் நடுகிறவர்கள் நம்மிடையே எப்போதும் உண்டு. கேழ்வரகில் கதை வேறு. ஆதரவு விலை (2024-25இல் குவிண்டாலுக்கு 4,290 ரூபாயாக இருந்தது), அரசு கொள்முதல் நடக்கும் இடத்தில் பள்ளத்தின் அடியை நிரப்பிவிடுகிறது. கிருஷ்ணகிரி மாம்பழத்திலோ ஒரு வருடம் காய்த்து மறுவருடம் ஓயும் மரத்தின் இயல்பே சுழற்சி.

ஆக, எந்தப் பள்ளியானாலும் கேட்க வேண்டியவை சில. சொன்ன விலையும் தேதியும் முன்கூட்டியே எழுதப்பட்டதா? எது நடந்தால் கணிப்பு தோற்றதாகும் என்றும் எழுதப்பட்டதா? தோற்றவையும் எண்ணப்பட்டனவா? நேற்றைய விலையே நாளைக்கும் என்று சும்மா சொல்வதைவிட அது மேலா? கோவை வேளாண் பல்கலைக்கழகம் நடவுக்கு முன்பே தக்காளி, வெங்காயம் போன்றவற்றுக்கு விலை முன்னறிவிப்பு வெளியிடுகிறது. எழுத்தில் இருப்பதால் அறுவடையின்போது அதை மண்டி விலையோடு யாரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இந்த வெளிப்படைத்தன்மை எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நம் பகுதிக்கு இதைவிடக் கிட்டத்தில் ஓர் அளவை இருக்கிறது. ஓசூரைச் சுற்றிய நர்சரிகளில் இந்த வாரம் குழித்தட்டு நாற்று எத்தனை போகிறது, எல்லைக்கு அப்பால் கோலார்ப் பக்கம் எவ்வளவு போகிறது என்று கேட்டு எழுதினால், இரண்டு மூன்று மாதம் கழித்து ராயக்கோட்டை மண்டிக்கு வரப்போகும் வரத்தின் பெரும்பகுதி அந்தத் தாளிலேயே இருக்கும். வாரம் ஒரு வரி போதும்: தேதி, தட்டுக் கணக்கு, அன்றைய பெட்டி விலை.