பழுவூர்ச் சதியும் எங்கள் தெருவும்

அரியலூரிலிருந்து திருவையாறு போகிற பஸ் கீழப்பழுவூரைத் தொட்டதும் இன்றைக்கும் யாராவது ஒருத்தர் 'பழுவேட்டரையர் ஊரு' என்பார். முன்னாலும் பின்னாலும் சுண்ணாம்புக்கல் லாரி. கல்லூரி நாளில் நானும் அப்படிப் பீற்றிக்கொண்டவன்தான். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகத்தையும் படித்துவிட்டு ஆயாவிடம் கதை சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு அது ஒன்றே ஒன்று கேட்டது: "அதுல நம்ம தெரு எங்கடா வருது?"

இந்தக் கேள்வியோடு மறுபடி வாசித்தால் பிரதி வேறாகிவிடுகிறது. கடம்பூர் மாளிகையில் பெரிய பழுவேட்டரையரோடு கூடும் சதிகாரர்களுக்கு ஒரே சிக்கல், அடுத்த ராசா யார் என்பது. ராசா எதுக்கு என்று ஒருத்தரும் வாய்திறப்பதில்லை. கோயிலுக்குப் பூக்கட்டும் ஊமைப் பெண்ணின் மகனாக வளர்ந்த சேந்தன் அமுதன் கடைசியில் முடிசூடுகிறானே என்பார்கள். சூடுகிறான், செம்பியன் மாதேவி பெற்ற பிள்ளை என்று தெரிந்த பிறகு. பூக்காரி மகனாகவே இருந்திருந்தால் கூடைதான். பங்காளிக்குப் பங்காளி முடியை விட்டுக்கொடுப்பதற்குக் கல்கி வைத்த பெயர் 'தியாக சிகரம்'.

தொடர் வந்தது 1950 அக்டோபரிலிருந்து 1954 மே வரை. அரசியல் சட்டம் அமலுக்கு வந்ததே 1950 ஜனவரியில்தான். சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948லேயே வந்தாயிற்று. ஆண்ட கூட்டம் சும்மா இருக்குமா? பீகாரில் தர்பங்கா மகாராஜா கோர்ட்டுக்குப் போனார். 1951 மார்ச்சில் பாட்னா ஐகோர்ட் அங்கத்திய ஜமீன் ஒழிப்பைச் செல்லாது என்றது. காரணம் 14-வது பிரிவு, சமத்துவம்! சேரிக்குக் கிடைக்க வேண்டியதை ஜமீன் முந்திக்கொண்டு கேட்டது. அம்பேத்கர் சட்ட அமைச்சராக இருந்தபோதே, அந்த ஜூனில், முதல் திருத்தம் கொண்டுவந்துதான் அதை அடக்க வேண்டியிருந்தது. மன்னர் மானியம் 1971 வரை, 26-வது திருத்தம் வரை, ஓடியது.

சட்டத்தில் தோற்ற இந்த ராசவிசுவாசக் கலகம் தொடர்கதையில் ஜெயித்தது என்பதே என் வாசிப்பு. ஸ்பெயினில் 1814ல் ஏழாம் பெர்டினாண்டு திரும்பி வந்து 1812 அரசியல் சட்டத்தை ரத்து செய்தான். குதிரைகளை அவிழ்த்துவிட்டு ஜனங்களே அவன் வண்டியை இழுத்தார்களாம். 1820ல் மீண்ட சட்டத்தை எதிர்த்து 1822ல் ராசா கட்சி ஆயுதம் தூக்கியது. 1823ல் பிரெஞ்சுப் படை வந்து அதை ஒழித்துக்கட்டியது. நம்மூரில் வண்டி இழுக்க வைக்க வாரப் பத்திரிகையே போதும்.

ஆயா கேட்ட தெரு தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டில் வருகிறது. இறையிலி நிலக்கணக்கில் பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று ராசராசன் ஆட்களே வெட்டிவைத்திருக்கிறார்கள். கதைக்குள் அந்தச் சேரிக்கு வேலையில்லை.

2023 ஏப்ரல் 28ல் சினிமாவின் இரண்டாம் பாகம் வந்தது. சரியாக ஒரு மாதம் கழித்து, மே 28ல், புது நாடாளுமன்றத்தில் சபாநாயகர் நாற்காலியருகே சோழர் மரபு என்று செங்கோலை வைத்தார்கள். அந்தப் படத்தை எனக்கு அனுப்பியது எங்கள் தெருப் பையன்தான். திட்ட மனசு வரவில்லை. அவன் வயதில் நான் பழுவூர் பஸ்ஸில் பேசிக்கொண்டு போனதும் இதைத்தான்.