ஆற்றுப்படுத்துவார் யார்? – ஈழத்துத் தமிழாய்வின் பொருளடிப்படை பற்றி ஒரு நோக்கு

பாணனுக்குச் சோறிட்டவர் யார் என்னும் வினாவை ஈழத்துத் தமிழ்த் திறனாய்வு நன்றாகவே கேட்டிருக்கிறது. பேராசிரியர் க. கைலாசபதி தமிழ் வீரநிலைக் கவிதையை ஆராய்ந்தபோது, பாடலைப் பாடியவனையும் பாடலைக் கேட்டுப் பரிசளித்தவனையும் பிரித்து நோக்காமல், இருவருக்குமிடையிலிருந்த சமூக உறவிலேயே அக்கவிதையின் இயல்பைத் தேடினார். பேராசிரியர் கா. சிவத்தம்பி பண்டைத் தமிழ்ச் சமூகத்து நாடகத்தை ஆராய்ந்தபோதும் கூத்தரும் பொருநரும் விறலியரும் எத்தகைய உற்பத்தி முறையின் மீது நின்று ஆடினர் என்பதே அவரது அடிப்படை வினாவாயிற்று. இலக்கியத்தை ஆகாயத்திலிருந்து இறக்கி மண்ணில் நிறுத்தியமை இவ்விருவரும் ஆற்றிய பெரும்பணி. ஆயின் அதே வினாவை ஆய்வாளனை நோக்கித் திருப்பிக் கேட்கும் முயற்சி அரிதாகவே நிகழ்ந்துள்ளது. மூன்றாண்டு, நான்காண்டு என நீளும் ஆய்வுக்காலத்தில் அவனுக்குச் சோறிடுவோர் யார்? அச்சோறு அவனது ஆய்வுப் பொருளையும் மொழியையும் எவ்வாறு நிர்ணயிக்கின்றது?

கைலாசபதி, சிவத்தம்பி ஆகியோரின் வாழ்க்கையே இவ்வினாவுக்கு நல்ல சான்றாகும். கைலாசபதி பேராதனையிற் பட்டம் பெற்றபின் பத்திரிகைத் துறையிற் புகுந்து தினகரன் ஆசிரியராக விளங்கியவர். சிவத்தம்பி கொழும்பு சாகிராக் கல்லூரியில் ஆசிரியராகவும், பாராளுமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்து, பின்னரே வித்தியோதயாப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார். இருவரும் இங்கிலாந்து சென்று, பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் கிரேக்கப் பேராசிரியராயிருந்த ஜோர்ஜ் தொம்சனின் மேற்பார்வையில் ஆராய்ந்தனர். கைலாசபதி 1966இலும் சிவத்தம்பி 1970இலும் கலாநிதிப் பட்டம் பெற்றனர். தொம்சன் கிரேக்க நாடகத்தையும் கிரேக்கச் சமுதாயத்தையும் மார்க்சிய நோக்கில் ஆராய்ந்தவர் என்பதும், இவ்விரு ஆய்வுகளும் ஒப்பியல் முறையைத் தழுவியமைக்கு அதுவே பெருங்காரணம் என்பதும் பலராலும் கூறப்பட்டவை. கூறப்படாதது பிறிதொன்று. பத்திரிகைப் பணியும் மொழிபெயர்ப்புப் பணியும் ஆசிரியத் தொழிலும் தாராத ஒன்றை இங்கிலாந்து வாசம் அவர்களுக்குத் தந்தது. அதுதான் அவகாசம்.

அவகாசத்துக்கு விலையுமிருந்தது. ஆய்வேடுகள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டன. தமிழறியாத தேர்வாளரும் விளங்கிக்கொள்ளத்தக்கனவாய் அமைய வேண்டியிருந்தன. கைலாசபதியின் நூல் 1968இல் ஒக்ஸ்போர்டின் கிளாரண்டன் அச்சகத்திலிருந்து வெளிவந்தது. சிவத்தம்பியின் ஆய்வேடு நூலுருப் பெற 1981 வரை, அதாவது பட்டம் பெற்றபின் பதினோராண்டுகள், காத்திருந்தது. அதனை வெளியிட்டது சென்னையின் நியூ செஞ்சுரி புக் ஹவுஸ். இவ்விரு நூல்களும் தமிழாக்கம் பெற்றதோ 2000ஆம் ஆண்டுக்குப் பின்னரே. கைலாசபதி 1966இலேயே ‘பண்டைத் தமிழர் வாழ்வும் வழிபாடும்’ வாயிலாகத் தம் சிந்தனைகளிற் சிலவற்றைத் தமிழில் தந்தார் என்பது உண்மை. எனினும் தமிழ் மூலம் கற்ற ஒரு மாணவன், தன் மொழியின் பழைய இலக்கியம் பற்றித் தன் நாட்டவர் எழுதிய இரு தலையாய ஆய்வுகளையும் முழுமையாகத் தன் மொழியிற் படிக்க ஒரு தலைமுறைக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது. இதில் முரணொன்று உளது. கலைப்பீடங்களிற் சுயமொழிப் போதனை தொடங்கியது 1960இல். பட்டப்படிப்பு தமிழுக்கு வந்த அதே காலத்தில் உயராய்வு ஆங்கிலத்திலேயே நின்றுவிட்டது. பாலம் போடுவதற்கு எவரும் நிதி ஒதுக்கினாரிலர்.

இங்கே ‘புலமைப்பரிசில்’ என்னும் சொல் சற்று நின்று நோக்கற்பாலது. பரிசில் என்பது புறத்திணை மரபுக்குரிய சொல். பரிசில் வேண்டிப் புரவலனை வற்புறுத்துவது பரிசில் கடாநிலை. பெற்று மீள்வது பரிசில் விடை. புறநானூற்றுப் பாடல்கள் பலவற்றின் அடியில் இத்துறைப் பெயர்கள் காணப்படுகின்றன. இன்றைய விண்ணப்பப் படிவத்தில் ‘இவ்வாய்வினால் விளையும் பயனை ஐந்நூறு சொற்களுக்கு மேற்படாமல் விளக்குக’ என்றிருக்கும் கட்டத்தை நிரப்புகிறவன் பரிசில் கடாநிலையே பாடுகிறான் எனலாம். அவன் பாட்டு எவருடைய செவிக்கு இனிமையாக வேண்டும் என்பதே கேள்வி.

1959இல் ஒக்ஸ்போர்டிற் கூடிய மாநாட்டில் உருவான பொதுநலவாயப் புலமைப்பரிசில் திட்டம் இலங்கையருக்குப் பெருவாயிலாக அமைந்தது. அண்மை ஆண்டுகளில் பிரித்தானியாவின் பொதுநலவாயப் புலமைப்பரிசில்கள் ஆறு அபிவிருத்திக் கருப்பொருள்களின் கீழ் வழங்கப்படுகின்றன. விஞ்ஞானமும் தொழில்நுட்பமும், சுகாதாரம், உலகச் செழிப்பு, சமாதானமும் ஆட்சியும், நெருக்கடிகளைத் தாங்கும் ஆற்றல், அனைவரையும் உள்வாங்கும் வாய்ப்பு என அவை அமையும். ஒவ்வொன்றும் நன்று. ஆனால் சங்கப் பாடல்களின் வாய்மொழித் தன்மையை ஆராய விரும்பும் ஒருவர் இவற்றுள் எதனைத் தெரிவார்? கைலாசபதியின் ஆய்வு இன்று முன்மொழியப்படுமாயின் அது எந்த அபிவிருத்திக்கு உதவுமென எழுதப்படும்? ‘சமூக ஒருங்கிணைவு’ என்ற தொடர் எங்கேனும் ஓரிடத்தில் நுழைக்கப்படும் என ஊகிக்கலாம். பரிசில் தருபவன் கேட்க விரும்பும் சொல்லைப் பாடுபவன் முதலில் பயில்கிறான். பின்னர் அச்சொல்லுக்கேற்ற பொருளைத் தேடுகிறான். ஆய்வுப் பொருள்கள் சில காலத்திற் பெருகுவதும் சில மறைவதும் தற்செயல் அல்ல.

உள்நாட்டு நிலை வேறு வகையானது. யாழ்ப்பாணத்தில் 1974இல் தொடங்கிய வளாகம் பின்னர் தனிப் பல்கலைக்கழகமாகித் தமிழிலேயே உயராய்வு நிகழ வழி திறந்தது. பேராசிரியர் சி. மௌனகுரு மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள் பற்றி அங்கே நிகழ்த்திய கலாநிதிப் பட்ட ஆய்வு, களத்தோடும் கூத்தரோடும் நெருங்கிய உறவு கொண்டது. ஒக்ஸ்போர்ட் அச்சகத்தின் வாசகருக்கு விளக்கவேண்டிய கட்டாயம் அதற்கில்லை. அந்த உரிமை அதன் நடையிலே தெரிகிறது. ஆனால் அதுவும் நூலாக வந்தது 1998இல்தான். இடையிற் போர் இருந்தது என்பது உண்மை; ஆய்வேட்டை நூலாக்கும் பொறுப்பை ஏற்கும் அமைப்பு எதுவும் இருக்கவில்லை என்பதும் உண்மை. 2005இல் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கீழ் மானிட, சமூக விஞ்ஞானத் துறைகளின் உயர்கற்கைக்கெனத் தேசிய நிலையமொன்று நிறுவப்பட்டமை காலங்கடந்ததாயினும் வரவேற்கத்தக்கது. ஆயின் அதன் நன்கொடைகள் பெரிதும் பல்கலைக்கழக விரிவுரையாளரை மனத்திற்கொண்டவை. வரையறுத்த ஆண்டுகளுக்குள் பட்டப்பின் தகைமை பெறவேண்டிய தகுதிகாண் விரிவுரையாளருக்கு அது பேருதவி. பதவியே இல்லாத பட்டதாரிக்கு அந்தக் கதவின் கைப்பிடி எட்டாது.

இந்தப் பட்டதாரி யார்? கொழும்பில் அவனையோ அவளையோ காண்பது கடினமன்று. பட்டம் பெற்ற மறு ஆண்டு தற்காலிக உதவி விரிவுரையாளர் பதவி. அது ஓராண்டு ஒப்பந்தம். ஒப்பந்தம் முடிந்தபின் மாலையிற் கொட்டாஞ்சேனையில் உயர்தர வகுப்பு. சனி ஞாயிறுகளில் வெள்ளவத்தையில் இன்னொரு வகுப்பு. மட்டக்குளி செல்லும் 155ஆம் இலக்கப் பேருந்து இவ்விரு பகுதிகளையும் இணைத்துப் பல்கலைக்கழக வாயிலையும் கடந்து செல்கிறது என்பது கொழும்பின் சிறு நகைச்சுவை. முதுதத்துவமாணிப் பட்டத்துக்குப் பதிவு செய்தவர் அவ்வாயிலிற் கிழமைக்கு ஒருநாள் இறங்கினால் அதுவே பேறு. 57ஆம் ஒழுங்கையிலுள்ள கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்திலே சஞ்சிகைகளைப் புரட்டவும், தேசிய சுவடிகள் திணைக்களத்திற் பழைய பத்திரிகைகளைக் கேட்டுப் பெறவும் வேண்டிய பகற்பொழுதை அவர் யாரிடமிருந்தேனும் விலைக்கு வாங்க வேண்டும். விற்பார் இல்லை.

திகதிகள் இன்னொரு சிக்கல். வெளிநாட்டுப் புலமைப்பரிசில் ஒன்றுக்கு உள்நாட்டிற் பரிந்துரைக்கும் அமைப்பின் முடிவுத் திகதி ஒன்று. புலமைப்பரிசில் வழங்குவோரின் திகதி வேறொன்று. அனுமதி தரும் பல்கலைக்கழகத்தின் திகதி மூன்றாவது. இவற்றுள் எதுவும் இங்கு இறுதித் தேர்வின் பெறுபேறு வெளியாகும் நாளைக் கேட்டு அமைக்கப்படுவதில்லை. 2019இன் குண்டுவெடிப்புகளும் 2020இன் பெருந்தொற்றும் 2022இன் பொருளாதார வீழ்ச்சியும் அடுத்தடுத்துக் கல்வியாண்டுகளைக் குலைத்தபோது, பட்டம் நிறைவுசெய்தும் அதனை உறுதிப்படுத்தும் கடிதமின்றி ஓராண்டை இழந்தோர் பலர். 2022இல் சில வாரங்களுக்குள் ஏறத்தாழ இருநூறு ரூபாவாயிருந்த டொலர் முந்நூற்றைம்பதைத் தாண்டியபோது, விண்ணப்பக் கட்டணமும் ஆங்கில மொழித் தேர்வுக் கட்டணமும் ஒரு மாத வகுப்பு வருமானத்தை விழுங்கின. விண்ணப்பக் கட்டணத்தைச் செலுத்தக் கடனட்டை இருப்பின் எளிது. நிரந்தர ஊதியமில்லாதவனுக்கு வங்கி கடனட்டையை எளிதிற் கொடாது. இத்தகைய சிறு தடைகள் ஆய்வின் தரம் பற்றிய விவாதங்களில் ஒருபோதும் இடம்பெறுவதில்லை. ‘இளந்தலைமுறையினர் ஆழமாக ஆராய்வதில்லை’ என்ற முடிவு மட்டும் மேடைகளில் எளிதாக வந்துவிடுகிறது.

மேடை என்றதும் கொழும்புத் தமிழ்ச் சமூகத்தின் புரவலர்தன்மையைக் குறிப்பிடாதிருத்தல் நீதியன்று. இங்கே கொடைக்குக் குறைவில்லை. நூல் வெளியீட்டு விழாவில் வர்த்தகப் பெருமகனொருவர் முதற்பிரதியைப் பெற்று உறையொன்றை வழங்குவதும், சிறப்புப் பிரதிகளுக்கு வரிசையில் பெயர் அழைக்கப்படுவதும் வெள்ளவத்தையில் வாரந்தோறும் எனலாம்படி நிகழ்வன. ஆனால் இக்கொடை நூல் முடிந்தபின் வருவது. நூலை எழுதும் காலத்துக்கு எதுவும் இல்லை. சங்ககாலப் புரவலன் பாட்டைக் கேட்டபின் பரிசளித்தானாயினும் பாணன் தங்கிய நாள்களில் அவனுக்கு உணவும் உடையும் அளித்தான். நமது விழாமுறை அந்தப் பாதியைக் கைவிட்டுவிட்டது.

தனியொருவரின் தியாகமே பேராய்வைத் தரும் என்று கருதுவாருமுளர். அவர்கள் காட்டும் சான்று விபுலாநந்த அடிகள். பதினான்காண்டு உழைப்பின் பயனான யாழ் நூல் 1947 ஆனியிற் கரந்தைத் தமிழ்ச் சங்க வெளியீடாக அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். இச்சான்று கூறுவோர் நினைப்பதற்கு மாறானதையே நிறுவுகின்றது. அடிகள் துறவி, அவருக்கு வாடகையும் குழந்தையின் பாடசாலைக் கட்டணமும் இல்லை. அவருக்குப் பின்னால் ஒரு மடமும், பல்கலைக்கழகப் பதவியும், நூலை ஏற்று வெளியிட்ட சங்கமும் இருந்தன. துறவிகளை மட்டும் நம்பி ஒரு மொழியின் ஆய்வு வளர இயலாது. வெளியுலகிலும் இதுவே நிலை. கைலாசபதி தம் ஆய்வுக்குத் துணைகொண்ட வாய்மொழிக் கவிதைக் கோட்பாட்டின் மூலவரான மில்மன் பரி, 1933 முதல் 1935 வரை யூகோசிலாவியாவிற் பாடகரைத் தேடிப் பாடல்களை ஒலிப்பதிவு செய்தார். அத்தகைய களப்பணி ஒருவரது சேமிப்பினால் இயல்வதன்று. பரி 1935இல் இளமையிலேயே இறந்தபின், அவரது மாணவர் அல்பேட் லோர்ட் அச்சேகரிப்பிலிருந்து தம் நூலை 1960இல் வெளியிட முடிந்தமைக்கு ஹார்வர்ட் பல்கலைக்கழகம் அதனைப் பேணியமையே காரணம்.

பட்டம் பெறச் சென்றவர்கள் திரும்பி வருவதில்லை, ஆகவே பணம் வீணாகிறது என்ற வாதமும் கவனத்திற்குரியது. சம்பளத்துடன் கற்கை விடுமுறை பெற்றுப் பிணைமுறி எழுதிச் சென்றோரிற் சிலர் மீளாமையால், பிணை நின்ற சகபாடிகள் துன்புற்றதும் உண்டு. இது உண்மையான குறை. ஆயினும் திரும்பி வந்தோரின் கடமை யாதென்னும் கேள்வி இதனினும் பெரிது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1950இல் இலண்டனிற் கலாநிதிப் பட்டம் பெற்றது பத்துப்பாட்டு ஆய்வுக்கு. அப்பத்தனுள் ஐந்து ஆற்றுப்படைகள். பரிசில் பெற்று மீள்பவன், வழியில் வறியனாய் வரும் பிறனைக் கண்டு, தான் பெற்ற வளத்தை எடுத்துரைத்து, எந்த வழியாக, எப்பொழுது, எவ்வாறு செல்லவேண்டும் எனக் கூறுவதைத் தொல்காப்பியம் இலக்கிய மரபாகவே வகுத்தது. வழியும் காலமும் கூறுவது புலவனின் தொழிலொழுக்கத்தில் ஒரு பகுதி. வித்தியானந்தன், கைலாசபதி, சிவத்தம்பி ஆகியோர் தம் மாணவர் பலரைக் கைப்பிடித்து நடத்தினர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது அவர்களது ஆளுமையின் விளைவு. கைலாசபதி 1982இல் நாற்பத்தொன்பதாம் வயதில் மறைந்ததும், சிவத்தம்பி 2011இல் மறைந்ததும் அவ்வழிகாட்டலும் அவர்களோடே சென்றது. சுற்றறிக்கைகள் இன்றும் ஆங்கிலத்தில் வருகின்றன. துறைத்தலைவரின் மேசையை அடைகின்றன. முடிவுத் திகதிக்கு மூன்று நாள் முன்பு அறிவித்தற்பலகையில் தோன்றுகின்றன.

இதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களின் ஆண்டு மலர்கள் ஒவ்வொன்றிலும் வெள்ளவத்தை நகைக்கடைகளும் கொட்டாஞ்சேனை வணிக நிலையங்களும் விளம்பரங்களால் நிறைகின்றன. அவற்றினிடையே இரண்டு பக்கம் ஒதுக்கி, எந்தப் புலமைப்பரிசில் எம்மாதத்தில் திறக்கும், எவரிடம் பரிந்துரைக் கடிதம் எவ்வளவு முன்னதாகக் கேட்கவேண்டும், முந்திய ஆண்டில் தெரிவானவர் தம் ஆய்வுமுன்மொழிவை எவ்வாறு எழுதினார் என்பவற்றைத் தமிழில் அச்சிடலாம். முதற்பிரதி உறைகளில் ஒரு பங்கை, ஓராண்டுக்கு ஓர் ஆய்வாளரின் பேருந்துச் செலவுக்கும் பிரதியெடுக்கும் செலவுக்குமேனும் ஒதுக்கிவைக்கச் சங்கமொன்று வர்த்தகரைக் கேட்டுப் பார்க்கலாம். அவர்கள் மறுப்பர் என்று கேளாமலே முடிவு செய்ய வேண்டியதில்லை. பொதுநலவாயப் புலமைப்பரிசிலின் விண்ணப்பங்கள் அண்மை ஆண்டுகளிற் பெரும்பாலும் ஒக்டோபரில் முடிவடைந்துள்ளன. ஆகவே அப்பக்கங்கள் ஆவணிக்கு முன் அச்சேற வேண்டும்; மலர் மார்கழி விழாவில் வெளிவருமாயின், பக்கங்களைத் தனியே பிரித்து முன்னரே மாணவர் கையிற் சேர்க்க வேண்டும்.