டகாலோக் கற்க அன்கி: பின்பக்கத்தில் தமிழ் இருக்கட்டும்

பிலிப்பைன்ஸுக்கு மருத்துவம் படிக்கப் போகும் நம் பிள்ளைகள் கல்லூரியில் ஆங்கிலத்தை வைத்தே ஓட்டிவிடலாம். ஆனால் டிசம்பரில் கூடப் படிக்கிறவர் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டால், அங்கிருக்கும் பாட்டியிடம் பேசக் கொஞ்சம் டகாலோக் வேண்டும். அதற்கு அன்கி எவ்வளவு உதவும் என்று ஆண்ட்ராய்டு போனில் பயன்படுத்திப் பார்த்தேன்.

அன்கி ஒரு மனப்பாட அட்டைச் செயலி. டேமியன் எல்ம்ஸ் 2006-ல் தொடங்கியது. கம்ப்யூட்டரிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம்; ஐபோனில் ஒரே தடவையாகச் சுமார் 25 டாலர். அட்டையின் முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில். பதிலைப் பார்த்துவிட்டு 'மறுபடி, கடினம், சரி, எளிது' என்ற நான்கில் ஒன்றைத் தட்ட வேண்டும். அதைப் பொறுத்து அட்டை சில நிமிடத்திலோ சில வாரம் கழித்தோ திரும்பி வரும். 2023-ல் சேர்ந்த எஃப்எஸ்ஆர்எஸ் முறையைச் செட்டிங்ஸில் இயக்கிவிட்டால், நாம் மறக்கும் வேகத்துக்கு ஏற்ப இடைவெளியை அதுவே கணக்குப் போடும்.

ரெடிமேட் கட்டு வேண்டாம்

இலவசமாகக் கிடைக்கும் அட்டைக் கட்டுகளில் நான் எடுத்துப் பார்த்ததன் பின்பக்கம் முழுக்க ஆங்கிலம். அங்கேதான் சிக்கல். டகாலோக்கில் நாம் என்பதற்குத் 'தாயோ', நாங்கள் என்பதற்குக் 'காமி'. ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். மரியாதைக்குச் சேர்க்கும் 'போ' ஆங்கிலத்துக்கு வந்தால் காணாமலே போகும். 'கயின் போ தாயோ' என்ற அட்டையைப் புரட்டி, 'வாங்க, சாப்பிடலாம்' என்று எழுதினேன். விளக்கமே தேவைப்படவில்லை. நாமே அட்டை தயாரிக்க இடம் தருவதுதான் அன்கியின் பெரிய பலம்.

முன்பக்கத்தை மட்டும் ரோமன் எழுத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் எழுதினால் 'புதிய' என்ற சொல்லும் 'ஆணி' என்ற சொல்லும் ஒரே மாதிரி 'பாகோ' ஆகிவிடும். புத்தாண்டு வாழ்த்தில் ஆணி அடிக்க வேண்டாமே.

பண்டிகை வரிசையில்

செப்டம்பர் பிறந்ததுமே கடைகளில் கிறிஸ்துமஸ் பாட்டு ஒலிக்கத் தொடங்கிவிடும் நாடு அது. அப்போதே தொடங்கினால் டிசம்பருக்குத் தயாராகலாம். ஒரு நாளைக்கு 20 புது அட்டை என்ற இயல்பான அளவை 5 ஆகக் குறைத்து, வாக்கியங்களைச் சந்தர்ப்பம் வாரியாகப் பிரித்துக்கொண்டேன்.

முதல் கட்டு, சிம்பாங் கபி. டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாள், விடிவதற்கு முன் நடக்கும் திருப்பலி. முடிந்து வெளியே வந்தால் வாழையிலையில் சுட்ட அரிசிமாவு பிபிங்காவும், மூங்கில் குழாயில் அவித்த ஊதா நிறப் புட்டோ பும்போங்கும் சூடாகக் கிடைக்கும். இங்கே தேவை 'மக்கானோ போ?', அதாவது 'என்ன விலைங்க?'

அடுத்தது வீடு. 24-ஆம் தேதி நள்ளிரவு நோச்சே புவேனா விருந்து. பெரியவர் கையைப் பிடித்து நம் நெற்றியில் ஒற்றி, 'மனோ போ' என்று சொல்ல வேண்டும். ஆசீர்வாதமாகப் பதில் வரும். அதற்கும் ஒரு அட்டை போடுங்கள். சொல்லத் தெரிந்தால் போதாது, கேட்டும் புரிய வேண்டும். டிசம்பர் 31-க்குத் தனிக் கட்டு: மேஜையில் உருண்டைப் பழங்கள், புள்ளி போட்ட சட்டை, பன்னிரண்டு அடித்ததும் உயரமாக வளரக் குதிக்கும் பிள்ளைகள்.

குரலும் வினைச்சொல்லும்

'கபி'யில் கடைசி அசையை அழுத்தினால் இரவு. முதல் அசையை அழுத்தினால் சேப்பங்கிழங்கு. வழக்கமான எழுத்தில் அழுத்தக்குறி போடுவதில்லை. அதனால் அட்டையில் ஒலி கட்டாயம். போனிலேயே பதிவு செய்து அட்டையோடு சேர்க்கும் வசதி இருக்கிறது. டகாலோக் தாய்மொழியாக உள்ள ஒருவரைப் பேசச் சொல்லிப் பதிவதே சரி.

வினைச்சொல் உள்ளிருந்து மாறும்: சாப்பிட்டது 'குமாயின்', சாப்பிட்டுக்கொண்டிருப்பது 'குமகாயின்', சாப்பிடப்போவது 'ககாயின்'. இதற்குக் கோடிட்ட இடத்தை நிரப்பும் அட்டை வகை நன்றாக வேலை செய்கிறது.

தீர்ப்பு

நிறை: இலவசம், இணையம் இல்லாமலும் ஓடும், பின்பக்கம் நம் மொழியில்.

குறை: தோற்றம் வறட்சி. அட்டை தயாரிக்கும் வேலை நம் தலையில். நான்கு நாள் விட்டால் அட்டைகள் குவிந்துவிடும். உரையாடப் பழக்காது, அதற்கு ஆள்தான் வேண்டும்.

யாருக்கு: மணிலா பக்கம் போகிறவர்களுக்கு உடனே பயன்படும். டாவோவில் படிக்கப் போகிறவர்கள் கவனியுங்கள். அங்கே வீடுகளில் அதிகம் பேசுவது செபுவானோ. டகாலோக் புரியும், ஆனால் பாட்டியைச் சிரிக்கவைக்க இன்னொரு கட்டு தயாரிக்க வேண்டியிருக்கும்.