புது லேப்டாப்பில் முதலில் நீக்க வேண்டியது எது?

விண்டோஸ் 11 உள்ள புது லேப்டாப்பை முதன்முறை இயக்கியதும் ஸ்டார்ட் மெனுவில் நாம் கேட்காத ஐகான்கள் வந்து நிற்கும். லிங்க்ட்இன், ஸ்பாட்டிஃபை, ஏதோ ஒரு சீட்டாட்டம், கூடவே திரையின் மூலையில் அடிக்கடி எட்டிப்பார்க்கும் சோதனைக் கால ஆன்டிவைரஸ். எல்லோரும் முதலில் கை வைப்பது இவற்றின் மேல்தான். நாலைந்தை அன்இன்ஸ்டால் செய்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது என்பதே இந்த விமர்சனத்தின் வாதம். கண்ணில் படுகிறவை எரிச்சல் தருகின்றன; ஆனால் இதுவரை பதிவான பெரிய ஆபத்துகள் எல்லாம் கண்ணில் படாதவற்றிலிருந்தே வந்திருக்கின்றன. ஆகவே ஒரு மென்பொருள் எத்தனை எம்பி இடத்தை அடைக்கிறது என்பதை இரண்டாம் கேள்வியாக வைத்துக்கொள்ளலாம். அது எந்த அதிகாரத்தோடு ஓடுகிறது, யாரிடமிருந்து கட்டளை வாங்குகிறது என்பதுதான் முதல் கேள்வி.

ஸ்டார்ட் மெனு ஐகான்களை விரைவாகவே கடந்துவிடலாம். அவற்றில் சில உண்மையில் நிறுவப்பட்டிருப்பதே இல்லை. கிளிக் செய்தால்தான் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து இறங்கும். அவற்றை மெனுவிலிருந்து எடுத்துவிட்டாலே போதும். சோதனைக் கால ஆன்டிவைரஸ் இவற்றைவிடக் கனமானது. அதை நீக்கினால் கணினி பாதுகாப்பில்லாமல் நின்றுவிடுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. அப்படி ஆகாது. வெளி ஆன்டிவைரஸ் இருக்கும்வரை விண்டோஸோடு வரும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஒதுங்கியிருக்கும், அது போனதும் தானே பொறுப்பை எடுத்துக்கொள்ளும். மெக்காஃபி, நார்ட்டன் இரண்டுக்குமே மிச்சம் மீதியைத் துடைக்க அந்தந்த நிறுவனத்தின் தனி நீக்கக் கருவி இருக்கிறது.

இனி கண்ணில் படாதவை. லெனோவோ நிறுவனம் 2014-இன் பிற்பகுதியிலிருந்து தன் நுகர்வோர் லேப்டாப்களில் சூப்பர்ஃபிஷ் என்ற மென்பொருளை வைத்து விற்றது. நாம் பார்க்கும் வலைப்பக்கங்களில் பொருள் விளம்பரங்களைச் செருகுவதுதான் அதன் வேலை. மறையாக்கம் செய்யப்பட்ட பக்கங்களிலும் செருக வேண்டுமென்றால் நடுவில் நின்று அவற்றைப் பிரித்துப் படிக்க வேண்டும். அதற்காக அது விண்டோஸின் நம்பகச் சான்றிதழ்க் கிடங்கில் தன் சொந்த ரூட் சான்றிதழைப் பதித்தது. வங்கித் தளமோ மின்னஞ்சலோ, எதைத் திறந்தாலும் பிரவுசர் பூட்டுக் குறியைக் காட்டும். அந்தப் பூட்டைப் போட்டது சூப்பர்ஃபிஷ். இதைவிட மோசம், அந்தச் சான்றிதழின் ரகசியச் சாவி எல்லாக் கணினிகளிலும் ஒன்றே. ஊரில் உள்ள அத்தனை வீட்டுக்கும் ஒரே சாவியைச் செய்து, அதை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் மாட்டி வைத்ததற்குச் சமம் இது. 2015 பிப்ரவரியில் விஷயம் வெளியானதும், ராபர்ட் கிரஹாம் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் அந்தச் சாவியின் கடவுச்சொல்லை எளிதில் கண்டுபிடித்துவிட்டார். அந்தத் தொழில்நுட்பத்தைச் செய்து கொடுத்த கொமோடியா நிறுவனத்தின் பெயரே கடவுச்சொல். அதன் பிறகு பொது வைஃபையில் உட்கார்ந்திருக்கும் எவரும் அந்த லேப்டாப்காரரிடம் தன்னை அவருடைய வங்கியாகக் காட்டிக்கொள்ள முடியும் என்ற நிலை உண்டானது.

இதில் நமக்கு மிகவும் தேவையான தகவல் அடுத்து வருவது. சூப்பர்ஃபிஷ் ஆப்பை அன்இன்ஸ்டால் செய்தாலும் அந்த ரூட் சான்றிதழ் கணினியிலேயே இருந்தது. பட்டியலிலிருந்து பெயர் மறைந்தது, விளம்பரம் நின்றது, ஓட்டை மட்டும் அப்படியே இருந்தது. சான்றிதழைத் தனியாகத் தேடி நீக்க வேண்டியிருந்தது. பிறகுதான் லெனோவோவின் நீக்கக் கருவியும் டிஃபெண்டரின் அப்டேட்டும் வந்தன. அதே ஆண்டு நவம்பரில் டெல் லேப்டாப்களிலும் இடெல்ரூட் என்ற பெயரில் ரகசியச் சாவியோடு கூடிய ரூட் சான்றிதழ் கண்டுபிடிக்கப்பட்டது. அதில் விளம்பரம் எதுவும் கிடையாது. வாடிக்கையாளர் சேவைக்கு உதவ வைத்ததாக டெல் சொன்னது. நோக்கம் விளம்பரமானாலும் உதவியானாலும் ஓட்டை ஒன்றுதான்.

நோக்கத்தைப் பார்த்துத் தரம் பிரிப்பதில் உள்ள சிக்கலை அப்டேட் கருவிகள் இன்னும் தெளிவாகக் காட்டுகின்றன. ஏசர், அசூஸ், டெல், ஹெச்பி, லெனோவோ ஆகிய ஐந்து நிறுவனங்களின் லேப்டாப்களோடு வரும் அப்டேட்டர்களை டுவோ செக்யூரிட்டி 2016-இல் ஆராய்ந்தது. ஐந்திலும் குறைந்தது ஒரு கடுமையான ஓட்டையாவது இருந்தது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. இந்தக் கருவிகள் சிஸ்டம் என்ற உச்ச அதிகாரத்தில் ஓடுகின்றன, இணையத்திலிருந்து கோப்புகளைக் கொண்டுவருகின்றன, நம்மைக் கேட்காமல் அவற்றை இயக்குகின்றன. இந்த மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால், கோப்பு எங்கிருந்து வந்தது என்று சரிபார்ப்பதில் நேரும் சிறு பிசகும் முழுக் கணினியையும் பறிகொடுக்க வைக்கும். சரிபார்ப்பு ஒழுங்காக இருந்தாலும் தப்பிக்க முடியாத ஒரு வழியை அசூஸ் விவகாரம் காட்டியது. 2018-இல் அசூஸ் லைவ் அப்டேட் வழியாகவே, அசூஸின் செல்லுபடியாகும் டிஜிட்டல் கையெழுத்தோடு, தீங்கு நிரல் ஒன்று பல்லாயிரம் கணினிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. காஸ்பர்ஸ்கி நிறுவனம் அதை 2019 மார்ச்சில் வெளியிட்டது. தாக்கியவர்களின் உண்மையான குறி சுமார் 600 கணினிகள்தான்; ஆனாலும் கதவு எல்லோருக்கும் திறந்தே இருந்தது.

இந்த அளவுகோலோடு நீக்கும் வழிகளைப் பரிசீலிப்போம். செட்டிங்ஸில் உள்ள இன்ஸ்டால்டு ஆப்ஸ் பட்டியல்தான் எல்லோரும் பயன்படுத்துவது. பழைய பாணி மென்பொருள்களைப் பொறுத்தவரை, அது தயாரிப்பாளர் எழுதிய அன்இன்ஸ்டாலரை ஓட விடுகிறது, அவ்வளவே. எதை எடுப்பது, எதை விட்டுவைப்பது என்று முடிவு செய்வது அந்தத் தயாரிப்பாளர். சர்வீஸ், ஷெட்யூல்டு டாஸ்க், டிரைவர் ஆகியவை பின்தங்கிவிட வாய்ப்பு உண்டு. மைக்ரோசாஃப்டின் விங்கெட் கட்டளைக் கருவியும் உள்ளே செய்வது ஏறக்குறைய அதையேதான். பட்டியல் முழுவதும் எழுத்தாகக் கிடைப்பதும் பலவற்றை ஒரே மூச்சில் நீக்க முடிவதும் அதன் நன்மை. ஸ்டோர் ஆப்களில் வேறொரு சிக்கல் உண்டு. நம் கணக்கிலிருந்து நீக்கினாலும், புதுக் கணக்கு தொடங்கினால் அதில் மறுபடி முளைக்கும், ஏனென்றால் மூலப் பிரதி விண்டோஸிலேயே இருக்கிறது. குடும்பத்தில் பலர் பயன்படுத்தும் கணினி என்றால் பவர்ஷெல் வழியாக அந்தப் பிரதியையும் எடுக்க வேண்டும். ரெவோ அன்இன்ஸ்டாலர், திறமூலமான பல்க் கிராப் அன்இன்ஸ்டாலர் இரண்டும் ஒரு படி மேலே போய், அன்இன்ஸ்டாலர் ஓடி முடிந்த பிறகு கிடக்கும் கோப்புகளையும் ரெஜிஸ்ட்ரி பதிவுகளையும் தேடுகின்றன. நல்ல கருவிகள்தான். ஆனால் அவை காட்டும் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு டிக் செய்தால் வேறு மென்பொருளுக்குச் சொந்தமானதும் போய்விடும்.

இவை எல்லாவற்றிலும் நான் முதலிடம் தருவது எதையும் அன்இன்ஸ்டால் செய்யாத ஒரு கருவிக்கு. மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள ஆட்டோரன்ஸ், கணினி இயங்கத் தொடங்கும்போது தானாக எழுந்து ஓடும் அனைத்தையும் ஒரே திரையில் காட்டுகிறது. சர்வீஸ், டாஸ்க், டிரைவர் எல்லாம் அதில் வரும். மைக்ரோசாஃப்டின் பதிவுகளை மறைக்கச் சொன்னால், லேப்டாப் தயாரிப்பாளரும் அவருடைய கூட்டாளிகளும் வைத்தது மட்டும் மிஞ்சும். முதல் கேள்விக்கான பதில் பெரும்பாலும் அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. டிக்கை எடுத்தால் அந்தப் பதிவு முடங்கும், அழியாது. தப்பாகப் போனால் திரும்ப டிக் செய்துகொள்ளலாம். இரண்டு நாள் முடக்கி வைத்துப் பார்த்து, எதுவும் கெடவில்லை என்றால் அன்இன்ஸ்டால் செய்வதுதான் பாதுகாப்பான முறை. இதோடு கணினியின் சான்றிதழ் மேலாளரைத் திறந்து, நம்பக ரூட் பட்டியலில் லேப்டாப் நிறுவனத்தின் பெயரிலோ விளம்பர நிறுவனத்தின் பெயரிலோ ஏதாவது இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும். பெயர் புரியாத எல்லாவற்றையும் நீக்கிவிடக் கூடாது; அங்கே இருப்பவற்றில் பெரும்பாலானவை விண்டோஸுக்கும் பிரவுசருக்கும் தேவைப்படுபவை.

இவ்வளவு எதற்கு, இணையத்தில் கிடைக்கும் ஒரு ஸ்கிரிப்டை ஓட்டினால் எல்லாம் போய்விடுமே என்று கேட்பவர்கள் உண்டு. அப்படிப்பட்ட ஸ்கிரிப்ட்களில் நேர்மையானவை, மூலநிரல் வெளிப்படையாக உள்ளவை இருக்கின்றன. ஆனால் முன்பின் தெரியாதவர் எழுதியதை, இணையத்திலிருந்து நேரே இறக்கி, நிர்வாகி அதிகாரத்தோடு, படித்துப் பார்க்காமல் ஓட்டுவது என்றால் நாம் குறை சொன்ன அப்டேட்டர் செய்த அதே காரியத்தை நாமே செய்கிறோம். ஸ்கிரிப்டைப் படித்துப் புரிந்துகொள்ளக் கூடியவர்கள் தாராளமாகப் பயன்படுத்தலாம். மற்றவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது வாதம் வலுவானது: எல்லாவற்றையும் அழித்துவிட்டு மைக்ரோசாஃப்டின் சுத்தமான விண்டோஸைப் புதிதாக ஏற்றிவிடலாமே? விண்டோஸிலேயே உள்ள ரீசெட் வசதியை நம்பி இதைச் செய்ய முடியாது. தயாரிப்பாளர் வைத்தவை அதோடு திரும்பி வரலாம். 8 ஜிபி பென்டிரைவில் மீடியா கிரியேஷன் டூல் மூலம் நிறுவியைத் தயாரித்து ஏற்றுவதே உண்மையான சுத்தம். உரிமச் சாவி லேப்டாப்பின் ஃபர்ம்வேரிலேயே இருப்பதால் விண்டோஸ் தானே ஆக்டிவேட் ஆகிவிடும். தொழில்நுட்பம் தெரிந்தவருக்கு இதுதான் சிறந்த வழி என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் மூன்று எச்சரிக்கைகள் தேவை. இன்டெல் 11-ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தியதுமான பல லேப்டாப்களில், இன்டெலின் சேமிப்பக டிரைவரைப் பென்டிரைவில் தனியாக வைத்துக் கொடுக்காவிட்டால் நிறுவிக்கு எஸ்எஸ்டியே தெரியாது. வைஃபை டிரைவரும் இல்லாமல் போகலாம். அமைப்பை முடிக்க இணையம் கேட்கும் விண்டோஸ் 11-இல் அது பெரிய தலைவலி. இந்தியாவில் விற்கும் பல லேப்டாப்களோடு ஆபீஸ் நிரந்தர உரிமமும் சேர்ந்து வருகிறது; அதை மைக்ரோசாஃப்ட் கணக்கில் இணைத்து முடித்த பிறகே எதையும் அழிக்க வேண்டும்.

அதற்குப் பிறகும் சுத்தம் முழுமையாகும் என்று உறுதி சொல்ல முடியாது. விண்டோஸ் 8-லிருந்து, ஃபர்ம்வேரில் உள்ள ஒரு நிரலை விண்டோஸ் தொடங்கும்போதே எடுத்து ஓட்டும் வசதி இருக்கிறது. திருட்டுப் போன லேப்டாப்பைக் கண்டுபிடிக்கும் மென்பொருள், டிஸ்கை அழித்தாலும் உயிரோடு இருக்க வேண்டும் என்பது போன்ற நியாயமான தேவைகளுக்காக வந்த வசதி அது. லெனோவோ அதைப் பயன்படுத்தித் தன் மென்பொருளைப் புதிதாக ஏற்றிய விண்டோஸிலும் நுழைத்தது 2015 ஆகஸ்டில் பெரிதாகப் பேசப்பட்டது. பிறகு அந்த நிறுவனம் அதைக் கைவிட்டு, நீக்க பயாஸ் அப்டேட்டும் கொடுத்தது. வசதி மட்டும் இன்றும் விண்டோஸில் இருக்கிறது. சிஸ்டம்32 ஃபோல்டரில் டபிள்யூபிபிபின் (wpbbin.exe) என்ற இயங்கு கோப்பு இருந்தால், உங்கள் ஃபர்ம்வேர் அந்த வழியில் எதையோ ஓட்டியிருக்கிறது என்று பொருள். பயாஸ் அமைப்பில் அதை நிறுத்தும் தெரிவு இருக்கிறதா என்று தேடிப் பார்க்கலாம்.

தயாரிப்பாளரின் கருவியை நீக்கினால் பயாஸ் அப்டேட் எப்படி வரும், பேட்டரியை 80 சதவீதத்தில் நிறுத்துவதும் ஃபேன் வேகத்தை மாற்றுவதும் எப்படி என்பது அடுத்த எதிர்ப்பு. இதில் நியாயம் இருக்கிறது. பேட்டரி வரம்புக்கு லெனோவோ வான்டேஜ், மைஅசூஸ் போன்ற ஒரு ஆப் தேவைப்பட்டால் அதை வைத்துக்கொள்ளுங்கள். பின்னணியில் ஓடும் மற்றவற்றை நிறுத்துங்கள். ஃபர்ம்வேர் அப்டேட்கள் பல மாடல்களுக்கு விண்டோஸ் அப்டேட் வழியாகவே வருகின்றன, வராதவற்றை நிறுவனத்தின் சப்போர்ட் தளத்தில் மாடல் எண் கொடுத்து எடுக்கலாம். நிரந்தரமாக விழித்திருக்கும் கருவி இல்லாமலே இது நடக்கும். அந்தக் கருவிகளை நீக்கினாலும் சில மிஞ்சும் என்பதற்கு டெல் ஓர் எடுத்துக்காட்டு. அதன் ஃபர்ம்வேர் அப்டேட் நிரல்கள் 2009 முதலே கணினியில் விட்டுச்சென்ற ஒரு டிரைவரில் கடுமையான ஓட்டைகள் இருந்ததை சென்டினல்ஒன் 2021 மே மாதத்தில் வெளிப்படுத்தியது. எந்த ஆப் பட்டியலிலும் அது தெரியாது. ஆட்டோரன்ஸின் டிரைவர் பகுதியை நான் வலியுறுத்துவதன் காரணம் இதுதான்.

கடைசியாக விலை. இப்படி முன்நிறுவி வரும் மென்பொருள்களுக்காகக் கிடைக்கும் பணம்தான் லேப்டாப்பை மலிவாக்குகிறது, ஆகவே பொறுத்துக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். சூப்பர்ஃபிஷ் உறவு வருமான அளவில் தனக்குப் பெரிதல்ல என்று லெனோவோவே அப்போது சொன்னது. வாங்கியவரின் வங்கிக் கணக்கு வரை ஆபத்துக்கு உள்ளாக்கிய ஓர் ஏற்பாட்டில் அவருக்கு விலைக் குறைப்பாகத் திரும்பியது அப்படியானால் எவ்வளவு இருந்திருக்கும்? 2008-இல் சோனி, தன் வயோ லேப்டாப்களில் இவற்றை நீக்கித் தர சுமார் 50 டாலர் கேட்டது; எதிர்ப்பு கிளம்பியதும் கட்டணத்தை உடனே கைவிட்டது. விலைக்கும் இவற்றுக்கும் உள்ள தொடர்பு சொல்லப்படும் அளவுக்கு இறுக்கமானதில்லை என்றே இதிலிருந்து புரிந்துகொள்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைச் சட்டத்தால் 2024 முதல் அங்குள்ளவர்கள் எட்ஜ் பிரவுசரையே விண்டோஸிலிருந்து நீக்க முடிகிறது. ஆனால் அந்தச் சட்டம் வாயில்காப்பாளர்கள் என்று குறித்த நிறுவனங்களின் பட்டியலில் மைக்ரோசாஃப்ட் இருக்கிறதே தவிர லெனோவோ, டெல், ஹெச்பி, அசூஸ், ஏசர் எதுவும் இல்லை. சிஸ்டம் அதிகாரத்தில் ஓடும் ஒவ்வொரு முன்நிறுவல் மென்பொருளையும் பெட்டியின் மேலேயே அச்சிட வேண்டும், அன்இன்ஸ்டால் என்றால் சர்வீஸ், டிரைவர், சான்றிதழ் அனைத்தும் போக வேண்டும் என்ற விதி அவர்களுக்கு வர வேண்டும். வரும்வரை ஆட்டோரன்ஸ் பட்டியலைப் படித்து டிக்கை எடுக்கும் வேலை வாங்கியவரின் தலையில்தான் இருக்கிறது.