தொடாதே, படம் ஓடுது!

பிளேஸ்டேஷன் 5-ல் படம் பார்ப்பவர்களுக்கு முதல் எதிரி சோபா மெத்தைதான். கண்ட்ரோலரைப் பக்கத்தில் போட்டுவிட்டுச் சாய்கிறீர்கள். கதாநாயகியின் அப்பா இத்தனை நேரம் அடக்கிவைத்திருந்ததைச் சொல்ல வாய் திறக்கிறார். அந்த நேரம் பார்த்து யாரோ முறுக்குத் தட்டை எடுக்க எக்குகிறார்கள். மெத்தை அமுங்குகிறது, கண்ட்ரோலர் சரிகிறது, ஆர்2 விசை இடுக்கில் புதைகிறது. அப்பா வாயை மூடுவதற்குள் கல்யாண மண்டபம் வந்துவிடுகிறது. வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் கத்துவது இப்போதெல்லாம் கிரிக்கெட்டுக்கு அல்ல, இதற்குத்தான்.

ஆர்2 அழுத்தினால் படம் முன்னே ஓடும், எல்2 அழுத்தினால் பின்னே ஓடும். ஆர்1 பட்டால் அடுத்த அத்தியாயத்துக்கே தாவிவிடும். விளையாட்டில் சுடுவதற்கும் வண்டியை முடுக்குவதற்கும் வைத்த விசைகள் இவை. லேசாகத் தொட்டாலே வேலை செய்ய வேண்டும் என்றுதான் அவற்றைச் செதுக்கியிருக்கிறார்கள். படம் பார்ப்பதோ கையைக் கட்டிக்கொண்டு செய்கிற வேலை. இந்த ஒரு முரண்பாடு, மற்ற எல்லாவற்றையும் நன்றாகச் செய்யும் ஒரு பெட்டியைத் தினமும் சண்டைக்கு இழுக்கிறது.

நான் இந்தப் பெட்டியைச் செய்த கம்பெனிக்கு எதிரியே இல்லை. பர்மா பஜாரில் பேரம் பேசி பிளேஸ்டேஷன் 2 வாங்கிய காலத்திலிருந்து ஒரே கட்சி. அந்தப் பெட்டி 2000-ல் ஜப்பானில் வந்தபோதே டிவிடி ஓட்டியது. விளையாட்டைச் சாக்காக வைத்து டிவிடி பிளேயர் வாங்கிக்கொண்ட குடும்பங்கள் அங்கே ஏராளம். 2006-ல் வந்த பிளேஸ்டேஷன் 3 அதையும் தாண்டியது. தனி புளூ-ரே பிளேயர் அமெரிக்காவில் ஆயிரம் டாலரை ஒட்டி விற்றபோது, புளூ-ரேயும் ஓட்டும் இந்த விளையாட்டுப் பெட்டி 499 டாலரில் தொடங்கியது. இந்தியாவுக்கு 2007-ல் வந்தபோது ரூ.39,990. வாங்கிய பிறகும் அப்டேட்டுகளிலேயே அது வளர்ந்துகொண்டிருந்தது. 2010-ல் 3டி புளூ-ரேகூட ஓட்டக் கற்றுக்கொண்டது. எச்டி டிவிடி என்ற எதிரணியை 2008 பிப்ரவரியில் தோஷிபா கைவிட்டதில் இந்தப் பெட்டிக்கும் பங்கு உண்டு.

அப்படிப்பட்ட பரம்பரையில் 2016-ல் பிளேஸ்டேஷன் 4 புரோ வந்தது, 4கே டிஸ்க் ஓட்டும் டிரைவ் இல்லாமல். அதே ஆண்டு எதிர்க்கட்சி தன்னுடைய எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ்-ல் அதை வைத்துவிட்டது. புளூ-ரேயை வளர்த்துவிட்ட கம்பெனியே இப்படிச் செய்ததைக் கட்சிக்காரன் வெளியே சொல்லிக்கொள்ள முடியுமா? ஆகவே 2021 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 5 டிஸ்க் டிரைவோடு ரூ.49,990-க்கு இங்கே வந்தபோது நான் பார்த்தது உள்ளே இருக்கும் சிப்பை அல்ல, முன்பக்கத்தில் இருக்கும் அந்த நீளமான பிளவைத்தான்.

அந்தப் பிளவுதான் இன்று எங்கள் வீட்டில் டிஸ்க் நுழையும் ஒரே இடம். மடிக்கணினியில் டிரைவ் போய் வருஷமாகிறது. பழைய டிவிடி பிளேயர் போன மழைக்காலத்தில் உயிரை விட்டது. மோசர் பேயர் 34 ரூபாய்க்கு டிவிடி விற்ற காலத்தில் வாங்கி அலமாரியில் அடுக்கியவை எல்லாம் இப்போது பிளேஸ்டேஷனுக்குள்தான் போகின்றன, நன்றாகவும் ஓடுகின்றன. பெரிய டிவியில் ஓரங்கள் பிசிறடிக்கும் என்று நினைத்திருந்தேன். பார்க்கும்படியாகவே பெருக்கிக் காட்டுகிறது.

4கே டிஸ்க் போட்டால் சொல்லவே வேண்டாம். ஒரு டிஸ்கில் 100 ஜிபி வரை கொள்ளும், வினாடிக்கு 128 மெகாபிட் வரை கொட்டும். ஸ்ட்ரீமிங்கில் 4கே பார்க்க நெட்ஃபிளிக்ஸ் கேட்பதே 15 மெகாபிட் இணைப்புதான். வெளிச்சமான காட்சிகளில் இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டீர்கள். இருட்டறையில் ஒருவன் சிகரெட் பற்றவைக்கும் காட்சியைப் பாருங்கள். ஸ்ட்ரீமிங்கில் புகை கட்டம் கட்டமாக உடையும், பின்சுவரில் இருட்டு படிக்கட்டுப்போல் அடுக்கு அடுக்காகத் தெரியும். டிஸ்கில் புகை புகையாக இருக்கும். பழைய புளூ-ரேக்கு உண்டான பிராந்தியப் பூட்டு 4கே டிஸ்குக்குக் கிடையாது. இந்தியா சி, லண்டன் பி, சிங்கப்பூர் ஏ என்று பார்த்துப் பார்த்து வாங்கிய தலைவலி போனது. லண்டன் சித்தப்பா எதை அனுப்பினாலும், அது 4கே என்றால் ஓடும்.

கண்ட்ரோலர் கதை இன்னும் முடியவில்லை. சோபாவுக்குப் பயந்து அதை டீப்பாய் மேல் வைத்தால் அடுத்த தொல்லை வரும். கொஞ்ச நேரம் தொடாவிட்டால் அது தானாக அணைந்துவிடும். பத்து நிமிடமா, முப்பதா, அறுபதா, அணையவே வேண்டாமா என்று அமைப்புகளில் நாம் தேர்ந்தெடுக்கலாம். பத்து என்று வைத்தேன். வாசலில் காலிங்பெல் அடிக்கிறது, படத்தை நிறுத்த வேண்டும். கண்ட்ரோலரை எடுத்து எக்ஸ் அழுத்தினால் ஒன்றும் நடக்காது, அது தூங்குகிறது. நடுவில் இருக்கும் பிஎஸ் பொத்தானை அழுத்தி எழுப்ப வேண்டும், இணையும்வரை காத்திருக்க வேண்டும், பிறகு எக்ஸ். அவசரத்தில் பிஎஸ் பொத்தானை இரண்டு முறை தட்டிவிட்டால் படத்தின் மேலேயே மெனுப் பட்டை வந்து விழும். கூரியர் பையன் போய்விடுவான். வசனமும் போய்விடும்.

சரி, அணையவே வேண்டாம் என்று மாற்றினால்? பேட்டரி தீரும். தீரப்போகிறது என்று திரையின் ஓரத்தில் அறிவிப்பு வரும், அதுவும் பெரும்பாலும் கிளைமாக்ஸில். கூடவே மெத்தைப் பிரச்சினை முழு பலத்தோடு திரும்பி வரும். ஏனென்றால் தூங்கும் கண்ட்ரோலரில் ஆர்2 எவ்வளவு அமுங்கினாலும் படம் நகராது. விழித்திருந்தால் மெத்தை படத்தை ஓட்டும், தூங்கினால் நீங்களே நிறுத்த முடியாது. இரண்டில் எது வேண்டும் என்று ஒவ்வொரு குடும்பமும் முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான். இடைவேளை விட்டு, காபி போட்டு, பாத்திரம் ஊறப்போட்டு வந்து உட்காரும் குடும்பம் என்றால் எந்த நிமிடக் கணக்கும் உதவாது.

அம்மா கண்ட்ரோலரை முதலில் கையில் வாங்கியபோது, “எந்தப் பக்கம்டா பிடிக்கணும்?” என்றார். பிடித்தார். பிடித்த மாத்திரத்தில் படம் பின்னால் ஓடியது. கண்ட்ரோலரை இயல்பாகப் பிடித்தாலே சுட்டுவிரல்கள் இரண்டும் போய் உட்காரும் இடம் எல்2, ஆர்2தான். “நான் ஒண்ணுமே பண்ணலியே!” என்று அவர் பதறியதில் பொய் இல்லை. சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ அதில் பொத்தானும் இல்லை என்று தெரிந்ததும் அம்மாவுக்கு இருந்த கொஞ்ச மரியாதையும் போயிற்று. இப்போது படம் தொடங்கியதும் கண்ட்ரோலரைத் தூக்கி ஷோகேஸ் மேல் வைத்துவிடுகிறார். “நிறுத்தணும்னா எழுந்து போய் நிறுத்து” என்பது வீட்டுச் சட்டம்.

இதற்கு மாற்று கம்பெனியிடமே இருக்கிறது. மீடியா ரிமோட் என்று மெலிந்த வெள்ளை ரிமோட் ஒன்றைக் கன்சோலோடு சேர்த்தே வெளியிட்டார்கள், தனிக் காசுக்கு. இரண்டு ஏஏ பேட்டரி போதும். டிவியின் சத்தத்தையும் பவரையும் அதிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஒரு பொத்தான் ஒரு வேலை செய்கிறது, மெத்தையில் கிடந்தால் சும்மா கிடக்கிறது. அம்மாவுக்கு ஒரே நாளில் பழகிவிட்டது. இதைப் பெட்டிக்குள்ளேயே போட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

அதிலும் குறை இல்லாமல் இல்லை. பொத்தான்களுக்கு வெளிச்சம் கிடையாது, அதுவும் இருட்டில் பயன்படுத்தவென்றே செய்த பொருளுக்கு. கீழே நெட்ஃபிளிக்ஸ், யூடியூப், ஸ்பாட்டிஃபை, டிஸ்னி பிளஸ் என்று நான்கு பொத்தான்கள். டிஸ்னி பிளஸ் என்ற பெயரில் இந்தியாவில் தனிச் சேவை நடந்ததே இல்லை. ஹாட்ஸ்டாரோடு ஒட்டிக்கொண்டு வந்து, 2025-ல் ஜியோஹாட்ஸ்டார் ஆகிவிட்டது. அந்தப் பொத்தானுக்கு வேறு வேலை கொடுக்கவும் வழி இல்லை.

வேறு ரிமோட்டைப் பழக்கிக்கொள்ளலாம் என்றால் அதற்கும் கதவு சாத்தியிருக்கிறது. பிளேஸ்டேஷன் 5-ல் அகச்சிவப்பு உணரியே இல்லை. கடையில் கிடைக்கும் யுனிவர்சல் ரிமோட் எதை வாங்கிக் காட்டினாலும் அது கண்டுகொள்ளாது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ்-ல் அந்த உணரி உண்டு என்பதைப் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன். ஒரே ஆறுதல் ஹெச்டிஎம்ஐ சாதன இணைப்பு. அமைப்புகளில் அதை இயக்கிவிட்டால் டிவியின் சொந்த ரிமோட்டில் இருக்கும் அம்புக்குறிகளும் ஓகே பொத்தானும் பல டிவிகளில் கன்சோலையும் ஆட்டிவைக்கும். டிவிக்கு டிவி இது மாறும், சிலவற்றில் பாதிப் பொத்தான்கள்தான் பேசும். காசு செலவழிப்பதற்கு முன் இதை முயன்று பாருங்கள். இதில் ஒரு பக்கவிளைவும் உண்டு. காலையில் பெருக்குவதற்காகச் சோபாவைத் தள்ளும்போது பிஎஸ் பொத்தான் அமுங்கினால் கன்சோல் எழும், கூடவே டிவியும் எழும். வேலைக்கு வரும் அக்கா முதல் தடவை பயந்தே போய்விட்டார்.

மற்றவை சில்லறை. ஸ்ட்ரீமிங்கில் டால்பி விஷன் கிடையாது, சாதா எச்டிஆர்தான். சீரிஸ் எக்ஸ்-ல் ஸ்ட்ரீமிங்குக்கு உண்டு, ஆனால் 4கே டிஸ்குக்கு அதிலும் இல்லை என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். எச்டிஆர் அமைப்பை ‘எப்போதும்’ என்று விட்டுவிடாதீர்கள். பழைய கறுப்பு-வெள்ளைப் படங்களைக்கூட எச்டிஆர் ஆக்குகிறேன் என்று கறுப்பைச் சாம்பலாக்கிவிடும். தேவைப்படும்போது மட்டும் என்ற தேர்வு பின்னால் வந்த அப்டேட்டில் கிடைத்தது, அதை வையுங்கள். பாட்டு சிடியோ விசிடியோ போட்டால் ஓடாது. பிளேஸ்டேஷன் 3 பாட்டு சிடி ஓட்டியது, இது மறந்துவிட்டது. எங்கள் வீட்டுக் கல்யாண வீடியோக்களில் பாதி விசிடி. அவை அலமாரியிலேயே இருக்கின்றன.

மின்சாரம் குடிக்கிறதே என்பார்கள். உண்மைதான். டிவியின் பின்னால் செருகும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் சில வாட்டில் செய்யும் வேலைக்கு இது ஐம்பது, அறுபது வாட் எடுத்துக்கொள்கிறது. அறுபது என்றே வைத்துக்கொண்டாலும் மூன்று மணி நேரப் படத்துக்கு 0.18 யூனிட். இரண்டு மாதக் கரண்ட் பில்லில் இதைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. கரண்ட் போவதுதான் எரிச்சல். திரும்பி வந்ததும் ‘முறையாக அணைக்கவில்லை’ என்று பெட்டி நமக்கே பாடம் நடத்தும், ஏதோ நாம் பிடுங்கிவிட்டதுபோல.

ஸ்ட்ரீமிங் மட்டும்தான் பார்ப்பீர்கள் என்றால் இதை வாங்காதீர்கள், ஸ்டிக் போதும். வீட்டில் டிஸ்க் இருந்து, விளையாடவும் ஆள் இருந்தால் வாங்குங்கள். ஆனால் டிரைவ் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 2023-ல் வந்த மெலிந்த மாடலில் டிரைவைத் தனியாக வாங்கியும் மாட்டலாம், மாட்டிய பின் ஒருமுறை இணையத்தோடு இணைத்தால்தான் வேலை செய்யும். 2024-ல் வந்த புரோவில் டிரைவே இல்லை. கட்சி மறுபடியும் அதே தப்பு.

மீடியா ரிமோட்டையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். படம் தொடங்கியதும் கண்ட்ரோலரின் பிஎஸ் பொத்தானைப் பத்து வினாடிபோல் விடாமல் அழுத்தினால் அது அணைந்துவிடும். டிவிக்கு அடியில் தள்ளிவிடுங்கள். ரிமோட்டில் படத்தை நிறுத்தும் பொத்தானின் மேல் சைக்கிள் கடையில் கிடைக்கும் ரேடியம் ஸ்டிக்கரைப் பொட்டளவு வெட்டி ஒட்டுங்கள். இருட்டில் தடவிக் கீழே இருக்கும் நான்கில் ஒன்றை அழுத்திவிட்டால் படம் போய் யூடியூப் விளம்பரம் வந்து நிற்கும்.