சம்மதமும் சான்றும்: 122 ஆம் பிரிவு பற்றிய ஒரு நோக்கு

பாலியல் வன்முறை வழக்குகளிற் பாதிக்கப்பட்டவரின் மருத்துவப் பரிசோதனை பற்றியே பெரிதும் பேசப்படுகின்றது. சந்தேகநபரின் பரிசோதனை அத்துணைக் கவனம் பெறுவதில்லை. எனினும் நகக்கீறல், கடிகாயம், பிறர் உடலிலிருந்து ஒட்டிய தடயம் என்பன அவருடலிலும் எஞ்சக்கூடும். குற்றமற்றவரை விடுவிக்கவும் அவை உதவலாம்.

இலங்கையில் இதனை நெறிப்படுத்துவது 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 122 ஆம் பிரிவாகும். பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி ஒருவரை அவரது சம்மதத்துடன் மருத்துவரிடம் பரிசோதிப்பிக்கலாம்; அவர் மறுப்பின் நீதவானின் கட்டளையைக் கோரலாம். உடல்மீதான உரிமையை மதிக்கும் இவ்வேற்பாடு போற்றற்பாலதே. ஆயினும் சம்மதித்தவர் பற்றிய அறிக்கை பொலிஸாரிடம் செல்ல, மறுத்தவர் பற்றியதே நீதவானைச் சென்றடைகின்றது. இணங்கியவர் நீதிமன்றத்தின் நேரடிப் பார்வையை இழப்பது முரணன்றோ? காவலில் இருப்பவரின் சம்மதம் எத்துணைச் சுதந்திரமானது என்ற ஐயமும் உடனெழுகின்றது.

மற்றொரு குறை காலம் பற்றியது. எத்தனை மணித்தியாலத்துட் பரிசோதனை நிகழவேண்டும் என இப்பிரிவு வரையறுக்கவில்லை. சிலாவத்துறையில் ஒரு குற்றம் நிகழ்வதாகக் கொள்வோம். சந்தேகநபர் மறுப்பின், கட்டளை பெறுதற்கு அருவியாற்றைக் கடந்து மன்னார் நகருக்குச் செல்லவேண்டும். அதற்கிடையில் ஒரு குளிப்பே தடயத்தை அழிக்கப் போதுமானது.

இந்தியாவில் 2005 ஆம் ஆண்டுத் திருத்தம் இதுபற்றித் தனிப்பிரிவொன்றைச் சேர்த்தது. 2023 ஆம் ஆண்டின் புதிய சட்டத்திலும் அது தொடர்கின்றது. 16 கிலோமீற்றர் சுற்றளவில் அரசாங்க மருத்துவரோ உள்ளூராட்சி மருத்துவமனை மருத்துவரோ இல்லையெனிற் பதிவுபெற்ற வேறொரு மருத்துவர் பரிசோதிக்கலாம். தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் அறிக்கையிற் குறிக்கப்படல் வேண்டும். அச்சட்டம் பலப்பிரயோகத்துக்கும் இடமளிக்கின்றது, அது பின்பற்றத்தக்கதன்று. ஆயின் தொலைவையும் நேரத்தையும் அது கருத்திற் கொண்டமை நோக்கற்பாலது.

எல்லாவற்றினும் பாரதூரமான குறை, பரிசோதனையின் தொடக்கம் பொலிஸாரிடமே விடப்பட்டமையாகும். 2001 மார்ச்சில் மன்னாரிற் கைதுசெய்யப்பட்ட இரு பெண்கள், காவலில் வன்புணர்வுக்கு உள்ளானதாக முறையிட்டனர். பொலிஸாரும் கடற்படையினருமே அங்குச் சந்தேகநபர்கள். சீருடை அணிந்தவரைப் பரிசோதிக்குமாறு அச்சீருடையினரே கோரவேண்டும் என்பது நீதியின் பாற்படுமா?

ஆகவே, அறிக்கை எந்நிலையிலும் நீதவானுக்கே செல்லவேண்டும். கால எல்லை விதிக்கப்படவேண்டும். முறைப்பாட்டாளரும் நீதவானை நேரே நாடப் பிரிவிலேயே வழிசெய்யப்படவேண்டும். இம்மூன்றும் சேரின், சந்தேகநபருக்கு இன்றுள்ள பாதுகாப்புக் குன்றாது. முறையிட்டவருக்கு இல்லாத பாதுகாப்புக் கிட்டும்.